இடுப்பை அசைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

நீர்கொழும்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் பெலி டான்ஸ் வகுப்பொன்றுக்கு நான்கு மாதங்களாகப் போய்வருகிறேன். அரநாயக்கவில் எங்கள் தோட்டத்துப் பெண்களிடம் இதைச் சொன்னபோது மூன்று கேள்விகள் வந்தன. யார் பாக்குறது? எவ்வளவு காசு? நமக்கு இது எதுக்கு? சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். ஆனால், மலையகத்திலும் வடக்கு கிழக்கிலும் ஒரு பெண்ணின் உடல் யாருக்குச் சொந்தம் என்ற விடயம் முழுவதும் அந்த மூன்று கேள்விகளுக்குள் இருக்கிறது.

யார் பார்ப்பது?

யாரும் பார்ப்பதில்லை. ஒரு மாடி அறை, ஒரு பெரிய கண்ணாடி, எட்டுப் பெண்கள். சிலர் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் வேலை செய்பவர்கள். மேடையும் இல்லை, அரங்கேற்றமும் இல்லை. தோளை அசைக்காமல் இடுப்பை மட்டும் அசைக்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

இந்த ஆட்டத்தின் அரபுப் பெயர் ரக்ஸ் ஷர்க்கி, அதாவது கிழக்கத்திய நடனம். கல்யாண வீடுகளிலும் பெண்கள் கூடும் இடங்களிலும் ஆடப்பட்ட ஆட்டங்களில் அதன் வேர் இருக்கிறது. 1926 இல் கெய்ரோவில் பதியா மசப்னி என்ற பெண் தொடங்கிய கேளிக்கை விடுதியில்தான் அது இன்றைய மேடை வடிவத்தை எடுத்தது. ஆட்டத்தை ரசித்த எகிப்து, ஆடியவர்களைத் தண்டித்தும் வந்திருக்கிறது. 1834 இல் ஆட்டக்காரிகள் கெய்ரோவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 2020 இல் சமா எல் மஸ்ரி என்ற நடனக் கலைஞருக்கு, சமூக ஊடகத்தில் இட்ட காணொளிகளுக்காக மூன்று வருடச் சிறை விதிக்கப்பட்டது.

நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? கோயில்களில் நடந்த தேவதாசியர் ஆட்டத்தை ஆறுமுக நாவலர் கண்டித்தார். சின்னமேளம் என்பது யாழ்ப்பாணத்தில் இழிசொல்லாயிற்று. 1936 இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய பிறகு, அதே ஆட்டம் பரதநாட்டியமாகக் கௌரவம் பெற்றது. ஆடிவந்த குடும்பங்களுக்கு அந்தக் கௌரவம் போய்ச்சேரவில்லை. மலையகத்தில் மாசி மாதக் காமன் கூத்தில் ரதியாக ஆடுவது ஆண்தான். மதனை இழந்த மனைவியின் அழுகையைக்கூட ஆண் ஆடிக்காட்ட, பெண்கள் சுற்றி நின்று பார்ப்பதே மரபு.

அரசும் இதில் சளைத்ததல்ல. பிரித்தானியர் கொண்டுவந்த 1841 ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம், சுதந்திரத்துக்குப் பின்னரும் வீதியில் நின்ற பெண்களைக் கைதுசெய்யப் பயன்பட்டது. 2015 இல் என்ரிகே இக்லேசியஸின் கொழும்பு இசை நிகழ்ச்சியில் சில பெண்கள் நடந்துகொண்ட விதத்துக்காக, ஏற்பாட்டாளர்களைத் திருக்கை வாலால் அடிக்க வேண்டும் என்று அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பேசினார்.

எவ்வளவு காசு?

ஒரு வகுப்புக்கு நான் கொடுப்பது 2,000 ரூபா. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. எங்கள் பக்கத்தில் விடியுமுன் எழுந்து இறப்பர் பால் வெட்டப் போகும் ஒரு பெண், அந்தச் சம்பளத்தில் ஒன்றரை நாள் உழைத்திருந்தால்தான் ஒரு மணித்தியாலம் ஆடியிருக்கலாம். மாவனெல்லை, கேகாலை, கொழும்பு என்று பஸ் மாறிப் போய்வரும் செலவு வேறு. கலாசாரம் தடுப்பதற்கு முன்பே சம்பளம் தடுத்துவிடுகிறது. “நல்ல பெண்கள் ஆடமாட்டார்கள்” என்று நாங்கள் சொல்வதில் பாதி, ஆட வசதியில்லை என்பதற்குப் போட்ட போர்வை.

நமக்கு எதற்கு?

எனக்கு மிகவும் கடினமான கேள்வி இதுதான். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிரிபுர, பல்லேபாகே, எலங்கபிட்டிய கிராமங்களைப் புதைத்தது. அதே நாளில் புளத்கொஹுப்பிட்டிய களுப்பஹன தோட்டத்திலும் வீடுகள் மண்ணுக்குள் போயின. அதற்கும் முன்னர் 1977 இலும் 1981 இலும் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அந்தக் குடும்பங்களில் பலவற்றைப் போர் 2009 இல் மீண்டும் துரத்தியது. இவ்வளவு இழந்தவர்களிடம் போய் ஆட்டம் பற்றிப் பேசலாமா?

பேசத்தான் வேண்டும் என்பது என் முடிவு. போரின் உளக்காயம் எங்கள் மக்களிடம் பல வேளைகளில் உடல் நோவாகவே வெளிப்படுகிறது என்று யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருக்கிறார். கலாநிதி க. சிதம்பரநாதன் அரங்கச் செயற்பாட்டின் வழியே பாதிக்கப்பட்டவர்களை வாய்விட்டுப் பேசவும் அழவும் வைத்தார். எங்கள் வகுப்பில் முல்லைத்தீவைச் சேர்ந்த ஒரு அக்கா இருக்கிறார். “இந்த உடம்பு ஓடினது, பங்கருக்குள்ள குனிஞ்சது, லைனில நிண்டது. எனக்கெண்டு ஒருநாளும் அசைஞ்சதில்லை” என்று ஒருநாள் சொன்னார். ஆட்டம் அவரைக் குணப்படுத்தியது என்று நான் எழுத மாட்டேன். ஞாயிறு தவறாமல் வருகிறார், அவ்வளவுதான்.

போர்ப் பாதிப்பு, அனர்த்தப் பாதிப்பு என்று வரும் திட்டங்கள் எங்கள் பெண்களுக்குத் தையல் மெஷினும் கோழிக்குஞ்சும் தருகின்றன. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், உழைக்கவும் அழவும் மட்டுமே தெரிந்தவர்களாக அவை எங்களைப் பார்க்கின்றன. தோட்டங்களில் இருக்கும் மண்டபங்களை வாரத்தில் ஒரு மாலை பெண்களுக்கு மட்டும் திறந்துவிடலாம். அந்த நேரத்துக்குப் பிள்ளை மடுவத்தையும் திறந்து வைக்கலாம். அங்கே ஆடப்போவது பெலி டான்ஸா, கோலாட்டமா என்பதை அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள்.