கூத்துக்காரருக்கு ஒரு பட்டம்!

பங்குனி பிறந்துவிட்டால் கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் கூத்துச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாக்கள் வரிசையாக வரும். பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் கூத்து.

இரவு பத்து மணிக்குத் திரை பிடிப்பார்கள். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். பிறகு கிரீடமும் புஜகீர்த்தியும் மின்ன துரியோதனன் வருவான். கிழக்கு வெளுக்கும்வரை ஆட்டம் நடக்கும். விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டும்.

இப்படி நாற்பது வருஷம் ஆடிய ஒருவருக்கு ஊர் கொடுக்கும் பட்டம் ஒன்று உண்டு. ‘வாத்தியார்’ என்பதே அது. இதற்கு மனுவும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஆட்டம் தெரிந்தவர், நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்றால் ஊரே அப்படிக் கூப்பிடும்.

அரசாங்கம் கொடுக்கும் பட்டம் வேறு.

வயதுக்கு ஏற்ற மணி

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் கலைஞர்களுக்கு ஐந்து படிகளில் விருது தருகிறார்கள். கலெக்டர் தலைவராக இருக்கும் மாவட்டக் கலை மன்றம் இதை வழங்குகிறது.

18 வயதுக்கு உட்பட்டவர் ‘கலை இளமணி’. 35 வயது வரை ‘கலை வளர்மணி’. 50 வரை ‘கலைச் சுடர்மணி’. 65 வரை ‘கலை நன்மணி’. அதற்கும் மேலே போனால் ‘கலை முதுமணி’. இளமணிக்கு 4,000 ரூபாய். முதுமணிக்கு 20,000 ரூபாய்.

இதற்கு மேலே மாநிலத்துக்கே உரிய ‘கலைமாமணி’. அதற்கும் மேலே டில்லி கொடுக்கும் பத்ம விருதுகள்.

இந்த மாவட்டத்துக் கூத்துக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. செய்யாறு பக்கம் புரிசை என்ற கிராமம். அங்கே தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பத்தில் வந்த கண்ணப்ப சம்பந்தன் அதைப் பெற்றார். அவருடைய தந்தை கண்ணப்பத் தம்பிரான், தெருக்கூத்தை வெளியுலகம் அறியச் செய்தவர்களில் ஒருவர்.

ஜப்பான் ஓவியருக்கு மொட்டை!

கலைஞனுக்குப் படிப்படியாகப் பட்டம் கொடுப்பது நம் நாட்டில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. ஜப்பானில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இருந்தது.

அங்கே புத்த குருமார்களுக்கு மூன்று படிகள். கீழ்ப்படி ‘ஹோக்கியோ’, அதாவது தர்மத்தின் பாலம். அடுத்தது ‘ஹோகென்’, தர்மத்தின் கண். உச்சியில் ‘ஹோயின்’, தர்மத்தின் முத்திரை.

1022-ம் ஆண்டில் ஜோச்சோ என்ற சிற்பி கோவிலுக்குப் புத்தர் சிலைகள் செய்தார். வேலையைப் பார்த்து மகிழ்ந்து அவருக்கு ஹோக்கியோ பட்டம் கொடுத்தார்கள். குருமார் பட்டம் உளி பிடித்தவருக்குக் கிடைத்தது! நாளடைவில் தூரிகை பிடித்தவர்களுக்கும் அது வந்தது. பட்டம் பெற்ற ஓவியர்கள் குருமாரைப் போலவே தலையை மழித்துக்கொள்வது வழக்கம்.

ராணுவத் தலைவரான ஷோகனிடம் வேலை பார்த்த கானோ தான்யூ என்ற ஓவியர் 1638-ல் ஹோகென் ஆனார். பிறகு ஹோயினும் ஆனார். ஒகாட்டா கோரின் 1701-ல் ஹோக்கியோ பட்டம் பெற்றார். அவர் தீட்டிய நீலப் பூக்களின் படம் உலகப் பிரசித்தம். அந்தப் படத்தில் ‘ஹோக்கியோ கோரின்’ என்று பட்டத்தோடு சேர்த்தே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

நம் ஊரிலும் போஸ்டரைப் பார்த்தால் பெயருக்கு முன்னால் பட்டம்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் பத்ம விருதுக்கு அது கூடாது. ராவ் பகதூர், திவான் பகதூர் என்று வெள்ளைக்காரர் காலத்தில் பட்டங்கள் மலிந்து கிடந்தன. சுதந்திரம் வந்த பிறகு அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு அந்த வழக்கத்துக்கு முடிவு கட்டியது. பத்ம விருது பட்டம் அல்ல, அதைப் பெயருக்கு முன்னும் பின்னும் போடக் கூடாது என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

பட்டம் எப்போது வரும்?

கலைஞரின் கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

2011 முதல் 2018 வரை எட்டு ஆண்டுகளுக்கான கலைமாமணி விருதுகளை 2019-ல் ஒரே மூச்சில் அறிவித்தார்கள். மொத்தம் 201 பேர். 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளின் விருதுகளும் 2025-ல்தான் கைக்கு வந்தன. எழுபது வயதுக்காரருக்கு எட்டு வருஷம் என்பது சின்ன விஷயமா? வாத்தியார் இருக்கும்போது பொன்னாடை வந்தால்தானே அவர் தோளில் விழும்.

இன்னொன்று, மாவட்ட விருதுக்கு மனுப் போட வேண்டும். வயதுக்கு அத்தாட்சி, அனுபவத்துக்கு அத்தாட்சி எல்லாம் கேட்பார்கள். விடிய விடியக் கர்ணனாக நின்றவரிடம் அதற்கு என்ன காகிதம் இருக்கும்? பெயர் அச்சிட்ட திருவிழா நோட்டீஸ் இருக்கலாம். அதையும் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பவர் குறைவு.

ஜப்பானில் பழைய குருமார் பட்டங்கள் 1873-ல் ஒழிந்தன. இப்போது நாடகக் கலைஞர்களையும் கைவினைஞர்களையும் அரசாங்கமே தேடித் தேர்ந்தெடுக்கிறது. மக்கள் அவர்களை ‘வாழும் தேசியச் செல்வம்’ என்கிறார்கள். வருஷத்துக்கு 20 லட்சம் யென் கிடைக்கும். கலையை வளர்க்கவும் சீடர்களைத் தயார் செய்யவும் அந்தப் பணம்.

நம் மாநிலத்தில் நலிந்த கலைஞருக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது அரிசிக்கும் மருந்துக்கும் சரியாகப் போய்விடும். சீடனுக்குச் சோறு போட்டு, அடவு சொல்லிக் கொடுத்து, கட்டை அணிகலன்களைப் புதுப்பிக்க வாத்தியார் தம் கூத்துச் சம்பளத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்தச் சம்பளமும் பங்குனி முதல் ஆடி வரைதான் நிறைவாக வரும். ஆடி கழிந்தால் பலர் வயலுக்கும் கூலி வேலைக்கும் போகிறார்கள்.