சாங்கியில் உழைப்பவருக்கு ஊரில் ஓட்டு எப்போது?

சாங்கி விமான நிலையத்தின் ஐந்தாம் முனையப் பணிகள் தொடங்கி துவாஸ் வரை, தமிழகத் தொழிலாளர்களின் வியர்வை சிந்தாத வேலைத்தளம் சிங்கப்பூரில் அரிது. நாங்கள் அனுப்பும் பணத்தில் ஊரில் வீடு எழுகிறது, தங்கை கல்யாணம் நடக்கிறது. அந்த ஊரை யார் ஆள்வது என்று முடிவு செய்யும் நாளில் மட்டும் நாங்கள் கணக்கில் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2010-இல் வந்த திருத்தத்தின்படி, வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் 6ஏ படிவம் கொடுத்து வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். ஆனால் ஓட்டுப் போட, அசல் பாஸ்போர்ட்டுடன் சொந்தத் தொகுதியின் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்தாக வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. வேலை நாளில் லீவு கேட்டால் சம்பளம் போகும். திருச்சிக்குப் போய்வரும் டிக்கெட்டோ பல நாள் கூலியை விழுங்கிவிடும். விடியும் முன்பே லாரி ஏறியவர்கள் இரவு டார்மிட்டரிக்குத் திரும்பி, மனைவியின் மை வைத்த விரலைப் போனில் பார்த்ததோடு சரி.

அந்தத் தேர்தலில் பெயர் சேர்த்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் சுமார் 1.19 லட்சம் பேர். ஓட்டுப் போட முடிந்தவர்கள் 2,958 பேர்தான். ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடிமக்கள் வெளிநாடுகளில் வாழும் தேசத்துக்கு இது பெருமையா?

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. பதிலாள் மூலம் வாக்களிக்க வழிசெய்யும் மசோதா 2018-இல் ஓர் அவையில் நிறைவேறி, மறு ஆண்டு காலாவதியானது. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கே தபால் ஓட்டு வரலாம் என்றார்கள், தேர்தல்தான் வந்தது. வெளிநாட்டில் பணியாற்றும் அரசு ஊழியர்களுக்கும் ராணுவத்தினருக்கும் இதே தபால் ஓட்டு நடைமுறையில் இருக்கிறது. கூலி வேலைக்கு வந்தவருக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

எங்களோடு இதே நகரில் உழைக்கும் பிலிப்பைன்ஸ் நாட்டவர் 2004 முதல் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். இந்தோனேசியர்களுக்கும் அந்த வசதி உண்டு. வளரும் ஜனநாயகங்களில் தேர்தல் நடத்த 1987 முதல் உதவிவரும் லாப நோக்கற்ற அமைப்பான ஐஃபெஸிடமும், 1995-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய பன்னாட்டு அமைப்பான இன்டர்நேஷனல் ஐடியாவிடமும் பல நாட்டு அனுபவம் குவிந்து கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வாக்களிப்பது குறித்து 2007-இல் ஐடியா கையேடே வெளியிட்டது. அந்த அமைப்பை நிறுவிய உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று! ஆகவே, வழி தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த தேர்தல் அறிவிப்புக்கு முன்பே தபால் ஓட்டை எங்களுக்கும் நீட்டிக்க வேண்டும். 6ஏ படிவத்தை நிரப்பித் தர, ஞாயிறுதோறும் நாங்கள் கூடும் லிட்டில் இந்தியாவில் உதவி முகாம் நடத்த வேண்டும். பொறுப்பில் இருப்பவர்கள் இந்த ஆண்டே இதைத் தொடங்கட்டும்.