உல்லாசக் கப்பலில் ஒரு பகல்

உல்லாசக் கப்பல் ஓர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக ஓடுவதில்லை. ஏறியவர்களைச் சில நாள் கடலில் வைத்திருந்து, அலுப்புத் தட்டாமல் பார்த்து, பெரும்பாலும் ஏறிய துறையிலேயே திரும்ப இறக்கிவிடுவதுதான் அதன் தொழில். ஜேர்மனியில் அல்பேர்ட் பாலின் என்ற கப்பல் நிறுவன நிர்வாகி 1891இல் இதற்கு வழி திறந்தார். குளிர்காலத்தில் அத்திலாந்திக்கைக் கடக்க ஆள் கிடைக்காமல் நின்ற ‘ஒகஸ்டா விக்டோரியா’ கப்பலை அவர் மத்தியதரைக் கடலைச் சுற்றிவர அனுப்பினார். இதற்கென்றே கட்டப்பட்ட முதற் கப்பல் 1900இல் கடலில் இறங்கியது.

அந்த வகைக் கப்பல் ஒன்று இலங்கையின் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்கு வந்தது 2023 ஜூன் 16இல். எங்கள் யாழ்ப்பாணத்து அளவெட்டியிலிருந்து அந்தத் துறை வடக்கே சில கிலோமீற்றர் தூரந்தான். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’, அம்பாந்தோட்டையையும் திருகோணமலையையும் பார்த்துவிட்டு இங்கே வர, பயணிகளுக்கான புதிய முனையமும் அன்றே திறக்கப்பட்டது. தீவின் கிழக்குப் பக்கமாக இப்படியொரு வழி ஏன் என்றால், பாக்கு நீரிணையும் இராமர் அணைப் பக்கமும் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாதவை. வங்கக் கடலைப் பார்த்துக் கிடப்பதால் வடகரையில் காங்கேசன்துறை மட்டும் அந்த வழியில் அகப்படுகிறது.

எம்பிரஸ் புதிய கப்பல் அல்ல. 1990இல் பிரான்சின் சென் நசேர் கட்டுதளத்தில் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் றோயல் கரீபியன் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. கைமாறிக் கைமாறி, 2021இல் இந்தியாவின் கோர்டிலியா நிறுவனத்திடம் வந்து மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. நீளம் 200 மீற்றருக்கு மேல், தளங்கள் பதினொன்று. இன்று உலகத்தில் ஓடும் மிகப் பெரிய கப்பல்களோடு ஒப்பிட்டால் இது சின்னப் பிள்ளை.

கப்பலில் நாள் தொடங்குவது முதல் நாள் இரவிலேயே. மறுநாள் எந்த மணிக்கு எந்தத் தளத்தில் என்ன நடக்கும் என்ற நிரல் அறைக்கு வந்துவிடும், அல்லது கைபேசியில் விழும். காலையில் மேல்தளத்தில் நடை, யோகா. பிறகு நீச்சல் குளம், செயற்கைப் பாறை ஏறுதல், நடன வகுப்பு, வினாவிடைப் போட்டி. மேல்நாட்டவர் ஏறும் கப்பல்களில் நூற்பின்னல் குழுவும் பிரிட்ஜ் சீட்டாட்ட மேசையும் அநேகமாக இருக்கும். இந்தியக் கப்பலில் அந்த இடத்தை அந்தாக்ஷரியும் தம்போலாவும் பிடித்துக்கொள்கின்றன. இரவில் மேடை நிகழ்ச்சி, இந்திப் பாட்டு, ஆட்டம்.

சூதாட்டக் கூடம் மட்டும் கரைக்கு அருகில் பூட்டிக் கிடக்கும். நாட்டின் கடல் எல்லை 12 கடல் மைல். அதைத் தாண்டிய பிறகே மேசைகளைத் திறப்பது இத்தகைய கப்பல்களின் வழக்கம். ஆனாலும் அந்தக் கூடத்தின் பெயரே கரையில் கலகத்தை மூட்டப் போதும். 2022 ஜூனில் இதே எம்பிரஸ் புதுச்சேரிக்கு வந்தபோது, சூதாட்டக் கப்பல் என்ற எதிர்ப்புக் கிளம்பி, பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் திரும்பியது.

யாழ்ப்பாணத்தார் ஏறினால் நிரலில் இல்லாத ஒரு பொழுதுபோக்கும் கூடவே ஏறும்: 304 என்ற கடதாசி ஆட்டம். நாலு பேரும் ஒரு கட்டுக் கடதாசியும் போதும். கடதாசி ஆட்டத்தைத் திறந்த தளத்தில் வைப்பதே முதற் பிசகு. கப்பல் நகரும் வேகமும் கடற்காற்றும் ஒன்று சேர்ந்தால், கவிழ்த்து வைத்த துரும்பு யாருடைய கேள்விக்கும் காத்திருக்காமல் கடலுக்குப் போய்விடும். தொப்பிக்கும் துவாய்க்கும் இதே கதிதான்.

கப்பலின் சின்னச் சின்ன இடர்களில் பெரும்பாலானவை தரை ஆடுவதாலும் காற்று வீசுவதாலும் வருபவை. வெளித்தளத்துக்குப் போகும் கதவுகள் கனமானவை. காற்று அறைந்து சாத்தும்போது சட்டத்தில் கை வைத்திருந்தவர் நேரே கப்பல் வைத்தியரிடம் போகவேண்டும். குளத்து நீர் கப்பலோடு சேர்ந்து தளும்பும். ஆட்டம் கூடினால் நீரை இறக்கிவிட்டு மேலே வலை கட்டிவிடுவார்கள். படியில் கைப்பிடியை விடாதே என்ற அறிவித்தலை வாசிக்காதவர்கள்தான் அநேகமாக வழுக்கி விழுபவர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலானது தலைச்சுற்றும் சத்தியும். அறைக்குள் இருப்பவரின் கண், எதுவும் அசையவில்லை என்று மூளைக்குச் சொல்கிறது. உட்காதிலுள்ள திரவம் அசைகிறது என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் வயிறுதான் தண்டனை அனுபவிக்கும். கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் செட்டைபோல நீளும் நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தை வெகுவாகக் குறைக்கின்றன. முன்னும் பின்னும் எழுந்து விழும் ஆட்டத்தை அவற்றால் அடக்க முடியாது. ஆகவே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறையே நல்லது. சுற்றத் தொடங்கினால் வெளியே வந்து அடிவானத்தைப் பார்க்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, புட்டு முட்ட நிறைந்த வயிறும் கூடாது. இஞ்சி சிலருக்குக் கைகொடுக்கும். மாத்திரை போடுவதென்றால் சுற்றுவதற்கு முன்னரே போடவேண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போய் வந்தவர்களுக்கு இதையெல்லாம் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

சாப்பாட்டு மேசையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. எல்லோரும் ஒரே அகப்பையைத் தொட்டுப் பரிமாறிக்கொள்ளும் இடத்தில் நோரோ வைரசு எளிதில் பரவும். கைக்குப் பூசும் அற்ககோல் திரவம் இந்த வைரசை நன்றாகக் கொல்வதில்லை. சவர்க்காரமும் தண்ணீருமே வழி. கோவிட் பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 பெப்ரவரியில், யொகோகாமாவில் நிறுத்திவைக்கப்பட்ட ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 700க்கு மேற்பட்டவர்களைத் தொற்று பிடித்தது. அதன் பிறகு சாப்பாட்டுக் கூடத்து வாசலில் கை கழுவச் சொல்லும் ஊழியரை யாரும் கேலி செய்வதில்லை.

துணி அழுத்தும் மின்னழுத்தி, கேத்தல் போன்றவற்றை அறைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். கடலில் வெள்ளத்துக்கு எவ்வளவு அச்சமோ நெருப்புக்கும் அவ்வளவு அச்சம். கைபேசியை ‘விமான நிலை’யில் போட மறந்தவர், கப்பலின் செய்மதி வலையமைப்பு தந்த கட்டணச் சீட்டை வீட்டுக்கு வந்த பின் பார்ப்பார். கப்பல் புறப்படுமுன் உயிர்காப்பு அங்கி பற்றிய பயிற்சி இருக்கிறது. அதைப் பலர் படமெடுக்கும் நேரமாக்கிக்கொள்கிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் ‘கொஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. புறப்படுமுன் அல்லது புறப்பட்ட உடனே பயிற்சி நடந்தாகவேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது அதன் பிறகுதான்.

கரை இறங்கும் நாளில் வரும் இடர் நேரம் பிந்துவது. கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் வேறுபடும் துறைகளில் பலர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். காங்கேசன்துறையில் அந்தச் சாட்டு எடுபடாது. 2006 ஏப்ரல் முதல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். காலையில் இறங்கி மாலைக்குள் திரும்ப வேண்டியவர்களுக்குக் கீரிமலை, மாவிட்டபுரம், நல்லூர், யாழ்ப்பாண நூலகம் வரை போதும். நயினாதீவையும் அதே நாளில் சேர்ப்பது பேராசை.

இந்தக் கரை கப்பலை அறிந்தது வேறு விதமாக. போர்க்காலத்தில், 2006 ஓகஸ்டில் தெற்கே போகும் ஏ-9 பாதை மூடப்பட்ட பின், இதே காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பலேற அனுமதிக்காகத்தான் சனம் நாட்கணக்காகக் காத்து நின்றது. நாகபட்டினத்திலிருந்து 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிய பயணிகள் சேவை பருவமழையால் ஒரு வாரத்துக்குள் நின்று, 2024 ஓகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் வந்தது. ஊருக்கு உண்மையில் பயன்படுவது அந்தச் சின்னக் கப்பலே. உல்லாசக் கப்பலால் ஊருக்குக் கிடைப்பது, இறங்குபவர்கள் ஒரு பகலில் செலவழிப்பது மட்டும்.

அந்தப் பகலையாவது ஒழுங்காக நிரப்பலாம். என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கும் தட்சணாமூர்த்தியின் தவிலுக்கும் பேர்போன அளவெட்டி, துறைமுகத்திலிருந்து வாகனத்தில் அரை மணிக்கும் குறைவு. கும்பிளாவளைப் பிள்ளையார் கோவிலடியில் ஒரு மணிநேர மேளக்கச்சேரியை, கரைப் பயணத் திட்டம் போடுபவர்கள் அடுத்த கப்பலின் நிரலில் சேர்க்கவேண்டும்.