நண்பகல் வெயிலை எங்கே வைப்பது?

வஹகோட்டை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் திருவிழாவில் வரும் யாத்திரிகர்களுக்கு அந்தப் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கலேவலையும் தம்புள்ளையும் அடங்கிய மாத்தளையின் வறண்ட வடபாதி அது. நண்பகலில் மண்டையைப் பிளக்கும். ஆனால் ஆலயத்துக்கு விளக்கு தேவைப்படுவதோ மாலை வேஸ்பர் வழிபாட்டுக்கும் அதன் பின்னான இரவுக்கும். இலங்கையின் மின்சாரச் சிக்கலும் ஏறக்குறைய இதேதான்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொன்னார்கள். நாடு முழுவதும் மின்சாரம் போனது. குரங்கை வைத்து ஊர் சிரித்தது. சிரிப்புக்கு அப்பால் இருந்த காரணம் வேறு. விடுமுறை நாளில் மின்தேவை குறைவு, கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரம் அதிகம். நீராலும் நீராவியாலும் சுழலும் கனத்த இயந்திரங்கள்தாம் வலையமைப்புக்கு நிதானம் தருபவை. அவை அப்போது குறைவாக ஓடின. சிறு அதிர்வையும் தாங்க ஆளில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் நின்றுபோக, அடுத்த நாட்களில் முறைவைத்து மின்வெட்டு.

இரண்டு மாதம் கழித்து வந்தது சித்திரைப் புத்தாண்டு. சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும் காலம். சூரியன் மேடத்தில் புகுவதைப் பொங்கிக் கொண்டாடிய வீடுகளிடம், ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியப் படல்களை நிறுத்திவைக்கச் சொன்னது மின்சார சபை!

சபையின் பொறியியலாளர்கள் சொன்னது தவறில்லை. ஆனால் வெயில் திடீரென வந்த விருந்தாளியும் இல்லை. கூரைச் சூரிய மின்சாரத்தை அரசே 2016 முதல் இயக்கமாக நடத்தி ஊக்குவித்தது. 2030-இல் 70 சதவீத மின்சாரம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரும் என்றும் அறிவித்தது. படல் ஏற ஏற, சேமிக்கும் வழியும் கூடவே ஏறியிருக்க வேண்டும். பகல் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி இரவில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 600 மெகாவாட் மகா ஓயா நீரேற்றுத் திட்டம் இன்னும் காகிதத்தைத் தாண்டவில்லை.

இத்தனைக்கும் மாத்தளைக்குச் சேமிப்பு புதிதல்ல. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்து உக்குவளைக்கு வருகிறது, பிறகு போவதென்னைக்கு. அங்கே 40 மெகாவாட் நிலையம். போவதென்னையிலிருந்து சுரங்க வழியாகக் கலாவெவப் பக்கம் வயலுக்குப் போகும் நீர் அந்தச் சுழலியைத் தொடாது. மின்சாரத்துக்கும் வயலுக்கும் ஓயாத இழுபறி. பகலை வெயில் பார்த்துக்கொண்டால், மின்சாரத்துக்குரிய நீரை இரவு உச்ச வேளைக்கென நிறுத்திவைக்கலாம்.

தம்புள்ளையில் இன்னொரு வழி திறந்திருக்கிறது. இந்திய உதவியுடன் கட்டிய 5,000 தொன் குளிர்க் களஞ்சியத்தை 2025 ஏப்ரல் 5 அன்று இந்தியப் பிரதமர் மோடி கொழும்பிலிருந்தபடி திறந்துவைத்தார். மரக்கறி விலை சரிந்து லொறி லொறியாகக் கொட்டப்படும் ஊருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விவசாயிகள் அறிவார்கள். நண்பகல் உபரி மின்சாரத்தில் இத்தகைய களஞ்சியங்களை ஆழக் குளிரவைத்தால், மாலையில் இயந்திரத்தின் வேலை குறையும். குளிரும் ஒரு பற்றரிதான். அந்த நேரத்துக்கு மலிவுக் கட்டணம் கொடுத்தால் போதும், மற்றதை வியாபாரிகளே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

பற்றரியில் சேமித்து இரவு உச்ச நேரத்தில் தரும் அலகுக்கு 45 ரூபா 80 சதம் என அரசு விலை வைத்தது நல்ல மாற்றம். ஆனால் பற்றரி வாங்கும் வசதி எத்தனை வீட்டுக்கு இருக்கிறது? அதே ஏப்ரலில் 5,000 வணக்கத்தலங்களுக்குப் படல் பொருத்தும் இந்திய நன்கொடைத் திட்டமும் தொடங்கியது. மொத்தம் 25 மெகாவாட். பற்றரிக்கும் பொருத்தமான இடங்கள் அவையே. 2025 நவம்பரில் டித்வா புயல் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, மண்சரிவு மாத்தளையையும் விடவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த அந்த இரவுகளில் மக்கள் ஒதுங்கியது விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை என்று கூரை கிடைத்த இடங்களில்தான்.