ஃபயர்பிளேஸ் மாட்டப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க!

டெட்ராய்ட் பக்கம் நம்ம மக்கள் வீடு தேட ஆரம்பிச்சா மூணு விஷயம் கட்டாயம் கேப்பாங்க. நல்ல ஸ்கூல், கிழக்குப் பார்த்த வாசல், ஃபயர்பிளேஸ். முதல் ரெண்டைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இல்லை. (வாஸ்து பத்தி வாயைத் திறந்தா தங்கமணி அன்னிக்குச் சோறு போட மாட்டாங்க.) மூணாவதைப் பத்தி மட்டும் கொஞ்சம் கத்திக்கிறேன். ஏன்னா வாராவாரம் பாட்லக்ல யாராவது ஒருத்தர், "ஃபயர்பிளேஸ் போட்டா ஹீட்டிங் பில் பாதியாயிடும் பாஸ்"னு ஆரம்பிக்கிறாங்க. சுத்தி நிக்கிற நாலு பேரும் தலையாட்டுறாங்க. எல்லாரும் இஞ்சினியருங்க. தெர்மோடைனமிக்ஸ் அரியர் வெச்சாவது பாஸ் பண்ணினவங்க!

ஊட்டி பங்களா சினிமால பாத்த அந்தத் திறந்த கணப்பு, விறகு சடசடன்னு எரியுமே, அது வீட்டைச் சூடாக்காது. மிச்சிகன் ஜனவரியில வீட்டைக் குளிரத்தான் வைக்கும்.

எப்படின்னு கேக்குறீங்களா? நெருப்புக்குக் காத்து வேணும். அந்தக் காத்து வீட்டுக்குள்ள இருந்துதான் போகுது. நீங்க ஃபர்னஸ்ல காசு கொடுத்துச் சூடு பண்ணின அதே காத்து. நிமிஷத்துக்கு நூத்துக்கணக்கான கன அடி சிம்னி வழியா மேல போயிடும். போன காத்துக்குப் பதிலா ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, பேஸ்மென்ட் ஓட்டைன்னு எல்லா வழியிலயும் மைனஸ் டிகிரி காத்து உள்ள வரும். விறகுல இருக்கிற சூட்டுல பத்துல ஒரு பங்கு ரூமுக்குள்ள தங்கினாலே பெரிய விஷயம். வெளிய ரொம்பக் குளிர்னா மொத்தக் கணக்கு நஷ்டத்துலயே முடியும்.

"இல்லையே, பக்கத்துல உக்காந்தா கதகதன்னு இருக்கே?"ம்பீங்க. இருக்கும். நெருப்போட கதிர்வீச்சு நேரா உங்க மேல படுது. ஆனா மாடியில தூங்குற குழந்தை மேல படாது. இன்னொரு கூத்து கேளுங்க. நிறைய வீட்டுல தெர்மோஸ்டாட் அதே ஹாலுக்குப் பக்கத்துலதான் இருக்கும். நெருப்பு எரியறப்ப அது "ஆஹா, வீடு சூடாயிடுச்சு"ன்னு ஃபர்னஸை நிறுத்திடும். மாடி ரூம் எல்லாம் ஜில்லுனு ஆயிடும். ராத்திரி நீங்க தூங்கப் போனதும் டேம்பரை மூட முடியுமா? முடியாது. தணல் அணையற வரைக்கும் அது கார்பன் மோனாக்ஸைடு விட்டுக்கிட்டே இருக்கும். ஸோ, விடிய விடியக் கூரையில ஒரு ஓட்டையைத் திறந்து வெச்சுட்டுத் தூங்குறீங்க.

இது ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. திறந்த கணப்பு சூட்டை வீணடிக்குதுன்னு கவுன்ட் ரம்ஃபோர்ட் 1796லயே கட்டுரை எழுதி, ஆழத்தைக் குறைச்சு, பக்கச் சுவரைச் சாய்ச்சு, தொண்டையைக் குறுக்கி லண்டன் வீடுகள்ல மாத்திக் கட்டிக் காமிச்சார். இருநூறு வருஷம் தாண்டியாச்சு, நாம இன்னும் பாட்லக்லயே நிக்கிறோம்.

நம்ம வீடுகளுக்குன்னு ஒரு ஸ்பெஷல் ஆபத்தும் இருக்கு. நாம தாளிக்கிற ஆளுங்க. வத்தல் நெடி தாங்காம அடுப்பு மேல பெரிய எக்ஸாஸ்ட் ஹூட் மாட்டுவோம். இப்பக் கட்டுற வீடு எல்லாம் டப்பா மாதிரி இறுக்கமா இருக்கு. ஹாலுல நெருப்பு எரியறப்ப கிச்சன்ல அந்த ஃபேனை ஃபுல்லா போட்டா, வெளிய போற காத்துக்கு ஈடா எங்கிருந்து காத்து வரும்? சிம்னி வழியாத்தான், புகையோட. புகை வந்தா கண்ணு எரியும், தப்பிச்சுக்கலாம். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. படுக்கையறைப் பக்கத்துல அலாரம் இல்லாம ஃபயர்பிளேஸ் பத்திப் பேசவே பேசாதீங்க.

சரி, கடைக்குப் போறீங்க. சேல்ஸ்மேன் ரகசியம் சொல்ற மாதிரி, "வென்ட்லெஸ் கேஸ் லாக் வாங்குங்க சார், சிம்னியே வேணாம், விலையும் கம்மி, நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சூடு உள்ளயே தங்கும்"பார். என்கிட்டயும் ஒருத்தர் சொன்னார். சூடு தங்கும், வாஸ்தவம். எரிஞ்ச வாயுவும் கூடவே தங்கும்! 30,000 பி.டி.யு அடுப்பு மூணு நாலு மணி நேரம் எரிஞ்சா கிட்டத்தட்ட 4 லிட்டர் தண்ணி ஆவியா ரூமுக்குள்ள வரும். அது குளிர்ந்த ஜன்னல்ல வடியும், சுவர் மூலையில பூஞ்சை பிடிக்கும். "சென்சார் இருக்கு சார்"னா, அது ஆக்ஸிஜன் குறையுதான்னு பாக்குற சென்சார். கார்பன் மோனாக்ஸைடை அது நேரா அளக்கறதே இல்லை. கலிஃபோர்னியாவுல வீட்டுக்குள்ள இதை வைக்கவே தடை. சும்மாவா தடை போட்டாங்க?

எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ்? ஆயிரம் டாலர் கொடுத்தாலும் சாதாரண 120 வோல்ட் பிளக்குல அது 1500 வாட்தான். நாப்பது டாலர் குட்டி ஹீட்டரும் அதே 1500 வாட்தான். மிச்சக் காசு அந்த எல்.இ.டி. ஜுவாலைக்கு. அழகுக்குன்னா தாராளமா வாங்குங்க, ஆனா அழகுக்குன்னு சொல்லிட்டு வாங்குங்க.

அப்ப எதைத்தான் வாங்குறது? எனக்குக் கேட்டா டைரக்ட் வென்ட் கேஸ். கண்ணாடி போட்டு முழுசா மூடியிருக்கும். குழாய்க்குள்ள குழாய். வெளிக்குழாய் வழியா வெளிக்காத்து உள்ள வரும், உள்குழாய் வழியா எரிஞ்ச வாயு வெளிய போகும். வீட்டுக் காத்தைத் தொடவே தொடாது. ஹூட்டைப் போட்டு எவ்ளோ வேணா தாளிக்கலாம். சிம்னி கட்ட வேணாம், வெளிச்சுவர்லயே ஓட்டை போட்டுக் கொண்டு போயிடலாம்.

வாங்கறப்ப ஒரே ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: "கரண்ட் போனா எரியுமா?" 2023 பிப்ரவரி ஐஸ் மழையில தென்கிழக்கு மிச்சிகன்ல லட்சக்கணக்கான வீடுகள்ல கரண்ட் போச்சு, பல வீடுகளுக்கு நாள் கணக்கா வரலை. கேஸ் வந்துக்கிட்டுதான் இருந்தது. ஆனா ஃபர்னஸோட ஊதுஃபேனுக்குக் கரண்ட் வேணுமே! பைலட் சூட்டுலயே வேலை செய்யற மாடல், இல்லேன்னா பேட்டரி பேக்கப் இருக்கிற மாடல், ரெண்டுல ஒண்ணு இருந்தா அன்னிக்கு ஒரு ரூமாவது சூடா இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த ஊர்ல ஃபயர்பிளேஸ் வாங்க உருப்படியான காரணம் இது ஒண்ணுதான். அப்புறம், அந்தக் கண்ணாடி பயங்கரமாச் சுடும். தவழ்ற பிள்ளை இருந்தா முன்னாடி வலைத் தடுப்பைக் கழட்டாதீங்க. 'லுக்' போயிடுதுன்னு கழட்டி கராஜ்ல வெச்சிருக்கிற புண்ணியவான்களை எனக்குத் தெரியும்.

விறகுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறவங்களுக்கு: பழைய கணப்புக்குள்ள மூடின இன்செர்ட் வைங்க, அதுலேருந்து சிம்னி உச்சி வரைக்கும் ஸ்டெய்ன்லெஸ் லைனர் இறக்குங்க. லைனர் இல்லாம விட்டா அகலமான சிம்னியில புகை ஆறி, தார் மாதிரி கிரியோசோட் படிஞ்சு, ஒரு நாள் அதுவே பத்திக்கும். விறகுல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். ஈரம் பாக்குற மீட்டர் சல்லிசாக் கிடைக்குது. வருஷத்துக்கு ஒரு தடவை சிம்னி ஆளைக் கூப்பிடுங்க. 2020 மே மாசத்துலேருந்து அமெரிக்காவுல விக்கிற புது விறகு அடுப்புகளுக்குப் புகை அளவு கட்டுப்பாடு இருக்கு. திறந்த கணப்பு அந்தச் சட்டத்துக்குள்ளயே வராது, அதனால கடைக்காரர் 'அப்ரூவ்டு'ன்னு சொன்னா எதுக்கு அப்ரூவ்டுன்னு கேளுங்க.

பெர்மிட் வாங்காம, தெரிஞ்ச ஆளை வெச்சு வீக்எண்ட்ல மாட்டிடலாம்னு யாராவது சொன்னா, அவர் வீட்டுல முதல்ல மாட்டிக்கச் சொல்லுங்க.

டிஸ்கி: ஃபயர்பிளேஸ் மேல டிவி, டிவிக்கு மேல மேண்டில் போட்டுப் பிள்ளையார்னு பிளான் பண்ணியிருக்கிற தலைவர் என்மேல கோச்சுக்க வேணாம். பிள்ளையார் சூடு தாங்குவார். டிவி தாங்குமான்னு மேனுவலைப் பாத்துக்குங்க :-)