ஃபிலிமுக்கு மாத்தித் தருவீங்களா?

போன மாசம் அலமாரியை ஒழிக்கும்போது அக்கா கல்யாண சிடி கிடைத்தது. 2004-ல் இதே தி.நகரில் நடந்த கல்யாணம். கம்ப்யூட்டரில் போட்டால் கொஞ்ச நேரம் கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே துப்பிவிட்டது. அதே அலமாரியில் அப்பா அம்மா கல்யாணத்தின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ். வருஷம் 1972. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அம்மாவின் மூக்குத்தி வரை தெரிகிறது!

மிச்சமிருக்கும் டிஜிட்டல் படங்களையாவது காப்பாற்றலாமே என்று பாண்டி பஜார் பக்கம் ஒரு கலர் லேபில் போய்க் கேட்டேன். "இதையெல்லாம் ஃபிலிம்ல பதிஞ்சு தருவீங்களா?"

"சார், எல்லாரும் ஃபிலிமை கம்ப்யூட்டருக்கு மாத்தச் சொல்றாங்க. நீங்க தலைகீழா கேக்கறீங்களே!"

சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஆனால் இந்தத் தலைகீழ் வேலை நம்ம ஊருக்குப் புதுசில்லை. தியேட்டர்களில் ஃபிலிம் புரொஜெக்டர் ஓடிய வரை, கம்ப்யூட்டரில் கலர் திருத்திய படத்தை மறுபடி நெகட்டிவில் ஏற்றித்தான் பிரிண்ட் போட முடியும். சாலிகிராமம் பிரசாத் லேபில் இது நடந்தது. ஆரிலேசர் என்ற ஜெர்மன் மெஷின் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று லேசரால் ஒவ்வொரு ஃபிரேமாக ஃபிலிமில் எழுதும். நொடிக்கு 24 ஃபிரேம், இரண்டரை மணி நேரப் படத்துக்கு 2,16,000 ஃபிரேம். கணக்குப் போட்டாலே தலை சுற்றுகிறது. அதை உருவாக்கியவர்களுக்கு 2012-ல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. அதற்குள் தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாற ஆரம்பித்துவிட்டன. மறு வருஷமே ஃபுஜி சினிமா ஃபிலிம் தயாரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஆவணக் காப்புக்கான ஃபிலிமை மட்டும் விட்டுவைத்தது. ஏன் அதை மட்டும்?

அங்கேதான் விஷயமே இருக்கிறது. கலர் ஃபிலிமின் சாயம் வெளுக்கும். ஆனால் மூன்று நிறங்களையும் தனித்தனியாக மூன்று கறுப்பு வெள்ளை ஃபிலிமில் பதிந்துவிட்டால், அது வெள்ளி, வெளுக்காது. பிற்காலத்தில் மூன்றையும் சேர்த்தால் கலர் திரும்பி வந்துவிடும். ஹார்ட் டிஸ்க், டேப் என்றால் சில வருஷத்துக்கொருமுறை புதுசுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதே அகாடமி 2007-ல் ஒரு கணக்கு சொன்னது: ஒரு படத்தின் 4கே டிஜிட்டல் மாஸ்டரைப் பாதுகாக்க வருஷத்துக்குச் சுமார் 12,500 டாலர், ஃபிலிமில் வைத்தால் சுமார் 1,060 டாலர். இன்றைக்கு டிஸ்க் விலை எவ்வளவோ இறங்கிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்றி வைக்க மறந்த ஒரு தலைமுறை போதும், எல்லாம் போச்சு.

"ஃபிலிம் மட்டும் சாசுவதமா?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லைதான். நடராஜ முதலியாரின் கீசக வதம் ஃபிலிமில் எடுத்ததுதான், ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. அக்கறையாக வைத்திருக்க ஆள் வேண்டும். ஆனால் ஃபிலிம் கொஞ்சம் மறதியைப் பொறுத்துக்கொள்ளும். சிடி பொறுக்காது. எங்கள் வீட்டு அலமாரியே சாட்சி.

எல்லாப் படத்தையும் ஃபிலிமில் ஏற்றச் சொல்லவில்லை, கட்டுப்படியாகாது. மாநில விருது வாங்கும் படங்களுக்காவது அரசு செலவில் ஒரு ஃபிலிம் பிரதி எடுத்து வைக்கலாமே?

அக்காவிடம் சிடி விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. உங்கள் வீட்டு சிடியை எதற்கும் இன்றே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள் :-)