கண்ணாடி சொல்லும் பொய்

எலும்பும் தோலுமாய் நிற்கிறாள் ஒரு பெண். கண்ணாடியைப் பார்த்து, "இன்னும் பருமனாய் இருக்கிறேனே!" என்று கலங்குகிறாள். கேட்போர் நகைப்பர். நகைப்புக்குரியதன்று தோழர்களே, உயிர் குடிக்கும் நோய்! தன் உடலைத் தானே காணும் பார்வையிலேயே கோளாறு என்று 1962-லேயே எடுத்துக்காட்டினார் அமெரிக்க மருத்துவர் ஹில்டே புரூக்.

மருத்துவம் இல்லையா? உண்டு. முதலில் உணவு, இழந்த எடை மீளவேண்டும். எடை ஏறியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் போதுமா? போதாது. உடல்மீது கொண்ட வெறுப்பே கடைசியில் ஆறும் புண். அது ஆறாவிடில் நோய் திரும்பும். ஆகவே, கண்ணாடி முன் நிறுத்தி, பழிச்சொல் கலக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லப் பழக்குகிறார்கள். ஓயாமல் இடையை அளக்கும் பழக்கத்தையும் விடச் செய்கிறார்கள்.

அந்தப் பார்வையைக் கெடுத்தவர் யார்? 2006-ல் பிரேசில் நாட்டு விளம்பர அழகி அனா கரோலினா ரெஸ்டன் இந்நோயால் 21 வயதில் மாண்டார். அவரும் கூலிக்கு உழைத்தவர்தான்! மெலிந்த உடலையே கூலிக்குக் கேட்ட தொழில் அது. பிரான்சு விழித்தது: 2017 முதல் அழகிகளுக்கு மருத்துவச் சான்று கட்டாயம், உடலை மெலிவித்துத் திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிடுவதும் கட்டாயம். இன்ஸ்டாகிராம் பருவப் பெண்கள் பலரின் இவ்வேதனையை வளர்க்கிறது என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதிவைத்தது 2021-ல் அம்பலமாயிற்று. ஆய்வு முதலாளியின் பெட்டியில். நோய் பெண்ணின் உடலில்!

நோயை மருத்துவர் தீர்ப்பார். நோயை விற்பவனுக்குக் கடிவாளம் சட்டம்தான். வீட்டில் மகளைக் "குண்டு" என்று கேலி பேசும் தோழர், முதலில் அந்தச் சொல்லைக் கைவிடட்டும்!